எட்டாம் நம்பர் மலை

பேச்சுப் போட்டியில் வென்ற கோப்பையை அம்மாயியின் மடியில் வைத்தேன். தலைப்பு ‘மலைநாட்டுத் தமிழர் வாழ்வு’. நேரம் ஏழு நிமிடம். 1885இல் வில்லியம் கேமரன் இந்த மலைகளை அளக்க வந்ததில் தொடங்கி, 1929இல் தேயிலை வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது என்று குரலை உயர்த்தி, தேநீர்க் குவளையில் மிதப்பது பாலாடையல்ல, என் பாட்டியின் வியர்வை என்று முடித்தேன். அரங்கில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நடுவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

தோழி கைப்பேசியில் எடுத்திருந்த பதிவை அம்மாயிக்குப் போட்டுக் காட்டினேன். ஏழு நிமிடமும் அசையாமல் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுற, பாப்பா” என்றார். பிறகு, “அது எந்த மலை?” என்று கேட்டார்.

“எந்த மலைன்னா?”

“செங்குத்து மலையில கூடையோட ஏறுனாங்கன்னு சொன்னியே. எட்டாம் நம்பரா, பன்னெண்டா? பன்னெண்டு அவ்வளவு செங்குத்து இல்ல.”

எனக்கு விடை தெரியவில்லை. உண்மையைச் சொல்வதானால், மலைக்கு எண் உண்டு என்பதே அப்போதுதான் தெரியும். கேமரன் மலைக்கு நான் சென்றது ஒரே ஒரு முறை. ஐந்தாம் ஆண்டில் பள்ளிச் சுற்றுலா. ஸ்ட்ராபெரி தின்றோம், பேருந்தில் வாந்தி எடுத்தோம், திரும்பி வந்தோம். அவ்வளவே! அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் அரங்கத்தை அழ வைத்திருக்கிறேன்.

அம்மாயி 1949இல் அங்கே பிறந்தவர். அவருடைய அப்பா 1938க்கு முன், கங்காணியோடு கப்பலேறி வந்தவர். அந்த ஆண்டில்தான் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. அம்மாயி பதினான்கு வயதில் கொழுந்து கிள்ளப் போனார். 1984இல் கணவரை இழந்து, ஏழு வயது மகளோடு, அதாவது என் அம்மாவோடு, காஜாங்குக்கு இறங்கி வந்தார். பிறகு திரும்பிப் போகவே இல்லை. அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே இப்போது தேயிலையும் இல்லை. மலைச்சரிவு முழுதும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம் என்று கேள்வி.

அடுத்த சுற்றுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு, நான் தகுதி பெற்றிருந்தேன். அதே பேச்சைத்தான் பேச வேண்டும், மெருகேற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மாயியின் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. பேரவை நண்பர்களிடம் சொன்னேன். பருவ விடுமுறையில் ஒரு நாள் முழுக்கத் தேயிலை மலையில் நடப்போம் என்று முடிவாயிற்று.

நால்வர் கிளம்பினோம். மகிழுந்து கிள்ளான்காரனுடையது, பழைய மைவி. படம் எடுக்கத் தைப்பிங்காரன். சுங்கை சிப்புட்காரி ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள், எங்கள் கூட்டத்தில் உண்மையாகவே தோட்டம் தெரிந்த ஒரே ஆள். அம்மாயியையும் அழைத்தேன். “குளிரு முட்டிக்கு ஆவாது. நீ போயி பாத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு, என் பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பிரித்தால் புகையிலை, சுண்ணாம்பு. அட்டைக்காம்!

தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பாதையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலை மணி ஆறே முக்காலுக்குப் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில் அருகே நடக்கத் தொடங்கினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐயாயிரம் அடி. வாயைத் திறந்தால் புகை. கோலாலம்பூரில் குளிராடையை வகுப்பறையின் குளிரூட்டிக்காக மட்டுமே அணிந்து பழகிய எங்களுக்கு, இது வேறு குளிர் என்று சிறிது நேரத்திலேயே புரிந்தது. சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் பசியாறினோம். தே தாரிக் மேசைக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிட்டது.

கியா ஃபார்ம் போகும் சாலையில் நடப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது, வார இறுதியில் போனவர்களுக்குத் தெரியும். மகிழுந்துகள் அசையாமல் நிற்கும், நாம் அவற்றைத் தாண்டிக்கொண்டே போகலாம். அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தேன், கள்ளிச்செடி என்று இரு பக்கமும் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளை நிற அல்ஃபார்டை நாங்கள் மூன்று முறை முந்தினோம். மூன்றாம் முறை உள்ளேயிருந்த சிறுவன் எங்களுக்குக் கையசைத்தான்.

சுங்கை பாலாஸ் பக்கம் திரும்பும் குறுகிய சாலைக்கு வந்ததும் கடைகளின் ஓசை நின்றுபோயிற்று. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பிறகு திடீரென்று எல்லாப் பக்கமும் தேயிலை.

படத்தில் பார்த்ததுதான். ஆனால் படத்தில் தெரியாதது சரிவு. தூரத்திலிருந்து பார்க்கும்போது யாரோ பச்சைக் கம்பளத்தை மடித்துப் போட்டதுபோல் மென்மையாக இருக்கும். கிட்டே போனால், செடி இடுப்பளவு, கிளைகள் ஒன்றோடொன்று பின்னி முள்வேலிபோல் விறைத்து நிற்கின்றன. செடிகளுக்கு நடுவே ஓடும் கோடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல, ஆள் நடக்கிற வழி. ஒரு காலை வைத்தால் இன்னொரு காலுக்கு இடம் தேட வேண்டிய அகலம். ஓரத்து வழியில் இருபது அடி ஏறிப் பார்த்தேன். செம்மண்ணில் காலணி வழுக்கி, செடியைப் பிடித்து, உள்ளங்கையில் கீறல். முதுகில் என் தண்ணீர்ப் போத்தலைத் தவிர வேறு சுமை இல்லை.

“எங்க தாத்தாவுக்குப் பால்மரம் சமவெளி” என்றாள் சுங்கை சிப்புட்காரி, கீழே நின்று என்னைப் பார்த்தபடி. “இருட்டுல கிளம்புவாரு, மத்தியானத்துக்குள்ள வேல முடிஞ்சிரும். இது என்னடி, பொழுதுக்கும் படிக்கட்டு ஏறுற மாதிரி இருக்கு.”

இன்னும் சற்றுத் தொலைவில் ஒரு சரிவு முழுவதும் மொட்டையாக நின்றது. இலை ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறக் குச்சிகள் வானத்தைப் பார்த்துக் கைவிரித்து நின்றன. தைப்பிங்காரன், “ஐயோ, செத்துப்போச்சு லா” என்று படமெடுத்தான். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணத்தில் என் மனம் இறுதிப் போட்டிக்கு ஒரு வரி கட்டிவிட்டது: ‘பட்ட மரங்களாய் எம் மக்கள்!’ கையை எந்த இடத்தில் உயர்த்துவது என்பது உட்படக் கணக்குப் போட்டாயிற்று.

அப்போது அம்மாயிக்குக் காணொளி அழைப்புப் போட்டேன்.

திரையில் முதலில் அவர் காது, பிறகு நெற்றி, பிறகு முகம் வந்தது. “அம்மாயி, தேயிலை மலைக்கு வந்துட்டோம்” என்று கைப்பேசியைச் சுற்றிக் காட்டினேன். மூடுபனி, மலைமுகடு, வானம். அவர் எதுவும் பேசவில்லை. நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று நினைத்து நானும் குரலைத் தாழ்த்தினேன்.

“வானத்த எதுக்குக் காட்டுற? கீழ காட்டு. செடியக் காட்டு.”

காட்டினேன்.

“இன்னும் கிட்ட. மட்டத்தக் காட்டு, மேல.”

செடியின் மேற்பரப்பை மேசைபோல் ஒரே உயரத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் மட்டமாம். விட்டுவிட்டால் தேயிலை மரமாகவே வளர்ந்துவிடும். அம்மாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “நல்லா வச்சிருக்காங்க. கொழுந்து ரெண்டு நாளுல எடுத்தாகணும், இல்லன்னா முத்திப்போவும். அந்தா, வலது பக்கம் ஒரு செடி பள்ளமா இருக்கு பாரு. அங்க யாரோ ஆழமாக் கிள்ளியிருக்கான்.”

நான் பார்த்தேன். அரை மணி நேரமாக அதன் அருகிலேயே நின்றிருந்தேன். பள்ளம் இருந்தது.

“பாவம் அம்மாயி, அந்தப் பக்கம் ஒரு மலையே செத்துப்போய்க் கிடக்கு” என்று மொட்டைச் சரிவைக் காட்டினேன்.

அம்மாயி சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. “அட கிறுக்கி! கவ்வாத்து வெட்டியிருக்காங்க. மூணு, நாலு வருசத்துக்கு ஒருவாட்டி வெட்டணும். அப்பத்தான் புதுசாத் தளுக்கும். மூணு மாசம் கழிச்சு வந்து பாரு, பச்சப் புள்ள மாதிரி நிக்கும்.”

என் ‘பட்ட மரம்’ அந்த இடத்திலேயே பட்டுப்போயிற்று. கிள்ளான்காரன் சாலையில் உட்கார்ந்து சிரித்தான். கவ்வாத்து என்ற சொல்லைத் தோட்டப்புறக் கதைகளில் நான் பலமுறை படித்திருக்கிறேன். எதையோ வெட்டுவது என்று பொருள் கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். நெரை, பெரட்டு, லயம், ஆயாக்கொட்டகை ஆகியவற்றையும் அப்படித்தான். தமிழ்ப் பேரவையில் இருந்துகொண்டு சொல்கிறேன், அந்தச் சொற்கள் எனக்கு மேடையில் வண்ணம் சேர்க்கும் பொருள்களாகவே இருந்தன.

மேற்சரிவில் நால்வர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாலை ஓரமாக இறங்கி வந்த இளைஞர் ஒருவரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தோம். வங்காளதேசத்துக்காரர். வந்து ஆறு ஆண்டாயிற்றாம். இன்று மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே. கையில் பெரிய கத்தரி, அதன் ஒரு பக்கத்தில் நறுக்கிய இலையைப் பிடித்துக்கொள்ளும் தட்டு. சரிவு குறைந்த இடங்களில் இருவர் தூக்கிப் பிடித்து ஓட்டும் இயந்திரம் உண்டு, செங்குத்தில் கத்தரிதான் என்றார்.

“யாருடா அது, கத்தரிக்கோலா?” என்று கையிலிருந்த கைப்பேசி கத்தியது. “ரெண்டு எல, ஒரு கொழுந்துன்னு விரலால கிள்ளணும். கத்தரியில வெட்டுனா கெழட்டு எலயும்ல சேந்து வரும்!”

அவர் யாரென்று இளைஞர் கேட்டார். என் பாட்டி, முன்பு இதே வேலை செய்தவர் என்றேன். உடனே அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, திரைக்கு முன் வந்து வணக்கம் சொன்னார். அம்மாயி இப்போது மலாய்க்கு மாறினார். இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேட்டார். மாலைக்குள் நூறு தாண்டிவிடும் என்றார் அவர்.

“நூறா?” அம்மாயி என்னைப் பார்த்துத் தமிழில், “நான் நாள் பூரா நின்னா முப்பத்தஞ்சு. கொழுந்து நல்லா வர்ற மாசத்துல நாப்பது” என்றார். அதில் பொறாமையா, வியப்பா, வேறெதுவுமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. பிறகு அந்த இளைஞரிடம் “சுடா மாக்கான்?” என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா? இன்னும் இல்லை என்றார் அவர். சாப்பிட்டுவிட்டு வேலை செய், காலி வயிற்றோடு மலை ஏறாதே என்று அம்மாயி நீண்ட அறிவுரை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அலைவரிசை போய்விட்டது. திரையில் அவர் வாய் திறந்தபடி உறைந்து நின்றார்.

சற்று மேலே ‘போ’ நிறுவனத்தின் தேநீர் மையம். அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் மாடத்தில் உட்கார்ந்து தேநீர் அருந்தினால் கீழே பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் நிறுவிய தோட்டம். ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் மனித உழைப்புமாகக் காட்டை வெட்டித் தொடங்கினார்கள் என்பது வரலாறு. நான்காண்டு கழித்து, 1933இல், அகர்வால் என்ற இந்தியர் ஒருவர் தொடங்கியதே பாரத் தேயிலை. என் பேச்சில் முதல் ஆண்டு இருந்தது, இரண்டாவது இல்லை. சேர்த்தால் கண்ணீர்க் கதையின் ஓட்டம் கெடும் என்று விட்டுவிட்டேன் போலும்!

ஆலைக்குள் போனதும் எங்கள் நால்வருக்கும் பேச்சு நின்றது. அந்த மணத்தை எழுத எனக்கு வரவில்லை. நறுக்கிய புல்லும் பழமும் லேசாகச் சுட்ட ரொட்டியும் சேர்ந்தது என்று சொல்லலாம், அதுவும் முழுதாகச் சரியில்லை. பச்சை இலையை முதலில் காற்றில் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டி நசுக்கி, சாறு காற்றோடு கலந்து செம்பழுப்பாக மாறவிட்டு, சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். சுவரில் சாய்ந்துகொண்டு மனக்கணக்குப் போட்டேன். அம்மாயியின் முப்பத்தைந்து கிலோ, ஏழு கிலோத் தூள். கணக்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அதில் மழை நாள் சேரவில்லை. மழையில் கிள்ளிய கொழுந்துக்குத் தண்ணீர் எடை என்று நிறுவையில் கழிப்பார்களாம். கழிப்பதற்கு அளவு எதுவுமில்லை, கிராணியின் மனம்தான் அளவு. அவர் இருந்த தோட்டத்தில் அப்படி. தன் வாழ்க்கையில் அம்மாயி கோபத்தோடு சொல்லும் ஒரே செய்தி அது. குளிரைச் சொல்லும்போது சிரிப்பார், அட்டையைச் சொல்லும்போதும் சிரிப்பார், தாத்தா இறந்ததைக்கூட அமைதியாகச் சொல்வார். நிறுவையைச் சொல்லும்போது மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார். என் பேச்சில் நிறுவை என்ற சொல்லே இல்லை.

நண்பகலுக்குப் பிறகு பிரிஞ்சாங் மலையுச்சிக்கு ஏறினோம். தீபகற்பத்தில் தார்ச்சாலை வழியே போகக்கூடிய மிக உயர்ந்த இடம் அதுதான், 2,000 மீட்டருக்கும் மேல். தேயிலை ஓரிடத்தில் முடிந்து காடு தொடங்குகிறது. மரங்களெல்லாம் குட்டையாகி, கொம்பு முழுக்கப் பாசி போர்த்து, சொட்டிக்கொண்டு நின்றன. முடிவில்லாத சாலை. கிள்ளான்காரன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, “இன்னும் எவ்வளவு தூரம் லா?” என்றான். அவனுடைய மைவி கீழே நிற்கிறது என்பதை நினைவூட்டினோம்.

பனி இறங்கி முன்னால் போகிறவர் முதுகு மறையத் தொடங்கியதும், தைப்பிங்காரன் ஜிம் தாம்சன் கதையை எடுத்தான். தாய்லாந்துப் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அமெரிக்கர். 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், இதே கேமரன் மலையில், விருந்தாளியாகத் தங்கியிருந்த பங்களாவை விட்டு உலாவப் போனவர் திரும்பவில்லை. காவல் துறையினர், காட்டை அறிந்த பூர்வகுடியினர் என்று ஏராளமானோர் தேடியும் ஒரு தடயமும் இன்றுவரை இல்லை. சுங்கை சிப்புட்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாயிக்கு அப்போது பதினெட்டு வயது. அன்றிரவு கேட்டபோது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “ஆமா, பட்டுக்காரத் தொரை. எம்புட்டுத் தேடுனாங்க! அதே மாசம் எங்க ஆடு தொலைஞ்சுச்சு, எங்கப்பா ஒத்தையாளாத்தான் தேடுனாரு” என்றார்.

உச்சியில் காட்சி ஒன்றுமில்லை. எங்கும் வெள்ளை. கோபுரத்தின் அடியில் நின்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மழை பிடித்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம், விடவில்லை. நனைந்துகொண்டே இறங்கினோம்.

இறங்கும்போதுதான் தேயிலை மலை எனக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். காலையில் பார்த்த அதே சரிவு, இப்போது செம்மண் குழம்பாகி ஓடிக்கொண்டிருந்தது. என் முட்டி நடுங்கியது, விரல் நுனி மரத்துப்போயிற்று, காலுறைக்குள் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. அட்டையேதான், இரண்டு. புகையிலைப் பொட்டலம் மகிழுந்தில் இருந்தது. சரிவில் காலையில் கண்டவர்கள் மழையாடை அணிந்து இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞர் எங்களை அடையாளம் கண்டு கத்தரியை உயர்த்திக் காட்டினார். வணக்கம் சொல்லக் கையை எடுத்தேன், விரல்கள் ஒழுங்காகக் கூடவில்லை. இந்த விரலால் எப்படிக் கிள்ளுவது? ஒரு கொழுந்து, இரண்டு இலை, ஒரு கொழுந்து, இரண்டு இலை, முப்பத்தைந்து கிலோ வரைக்கும்...

பிரிஞ்சாங் வந்து சேர மணி ஐந்தரை. நால்வரும் பேசாமல் தே ஓ குடித்தோம்.

அந்த வாரமே பேச்சைத் திருத்தி எழுதினேன். பாலாடையும் வியர்வையும் போயின. எட்டாம் நம்பர் மலையும், அதில் அம்மாயியின் நெரையும், மட்டமும், கவ்வாத்தும், நிறுவையும் வந்தன. முப்பத்தைந்து கிலோவில் தொடங்கினேன். இறுதிப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. செய்திகள் நன்று, உணர்ச்சி போதவில்லை என்று நடுவர் குறிப்பில் எழுதியிருந்தார்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

காஜாங்குக்குப் போனபோது, மலையிலிருந்து வாங்கி வந்த தூளில் அம்மாயி தேநீர் போட்டுக் கொடுத்தார். முகர்ந்து பார்த்து, “கெழட்டு எல சேந்திருக்கு” என்றார். பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டார். தோற்றுவிட்டேன் என்றேன்.

“எவ்வளவு நேரம் குடுத்தாங்க?”

“ஏழு நிமிசம், அம்மாயி.”

“ஏழு நிமிசமா? அதுக்குள்ள ஒரு நெரைகூட முடியாதே” என்றவர், தேநீர் ஆறிவிட்டதென்று என் குவளையை வாங்கிக்கொண்டு சூடாக்கப் போனார்.